காத்திருக்கும் வயது: டெல்டா இளைஞர்களின் வேலையின்மையும் மனநலமும்

காவிரி டெல்டாவில் ஒரு வீட்டுக்குப் போய், "தம்பி இப்ப என்ன பண்றார்?" என்று விசாரித்தால் அடிக்கடி கிடைக்கும் பதில், "குரூப் 4க்குப் படிக்கிறார்" என்பதுதான். பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இதே பதிலைக் கேட்கலாம். 2022இல் அந்த அரசு வேலைத் தேர்வுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 300 பேர் என்று ஆகிறது. பிறகு இடங்களை 10,000க்கு மேல் கூட்டினார்கள். அப்போதும் ஓர் இடத்துக்கு 200 பேருக்குக் குறையவில்லை. ஜூலை 2022இல் நடந்த தேர்வின் முடிவு மார்ச் 2023இல்தான் வந்தது.

கிடைத்தவர்கள் வேலையில் சேர்ந்தார்கள். கிடைக்காதவர்களில் பலர் அதே புத்தகத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய மனதுக்கு என்ன ஆகிறது, அது ஏன் ஆகிறது, அதை எப்படித் தாங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில்லாத இளைஞரின் மனம் சோர்ந்துபோவதற்கு அவருடைய மனதிடம் குறைவு காரணம் இல்லை. முடிவு தெரியாமல் காத்திருக்க வைக்கப்படும் எவருக்கும் இது நடக்கும். அதனால் "தைரியமா இரு" என்று சொல்வதில் பெரிய பயன் இல்லை. காத்திருக்கும் விதத்தை மாற்றினால் பயன் உண்டு.

வயலும் ஆளைக் கேட்கவில்லை

டெல்டாவில் ஒரு காலத்தில் கை சும்மா இருக்காது. நாற்று பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, கட்டுத் தூக்க, களத்தில் அடிக்க என்று வேலை ஆளைத் தேடி வந்தது. அந்தக் கூலியில் நியாயம் இருந்ததா என்பது வேறு கதை. 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான். ஆனால் வேலை இருந்தது. இன்று பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்துவிடுகிறது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வருடத்தில் ஆள் தேவைப்படும் நாட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

தண்ணீரையும் நம்ப முடியவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால்தான் குறுவை நெல் சாகுபடி. 2023இல் அந்தத் தேதியில் திறந்தும், போதிய நீர் வராமல், வாய்க்கால்கள் முடியும் கடைமடையில் பயிர் கருகியது. அக்டோபர் 10ஆம் தேதி அணையையே மூடிவிட்டார்கள். 2024இல் திறந்தது ஜூலை 28ஆம் தேதி. அதற்கு முன், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளை அப்படியே சாய்த்துப் போட்டது. தென்னை மறுபடி காய்க்க வருடக்கணக்கில் ஆகும். அந்தத் தோப்பு வருமானத்தை நம்பிக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள்.

2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பன் எடுப்பதற்கும் உருக்காலைகளுக்கும் அது தடை போட்டது. அந்தச் சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிலத்தைக் காப்பாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. நெல்லும் தேங்காயும் மீனும் விளைகிற இடத்திலேயே அவற்றைப் பதப்படுத்தி, பொட்டலம் கட்டி, விற்கும் தொழில்கள் படித்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை.

இன்னொரு பக்கம், படிப்பு பரவியது. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களிடம் 29.1 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவரால் காத்திருக்க முடியாது, கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார். பட்டதாரியின் வீடு நகையை அடகு வைத்தோ கால் காணியை விற்றோ அவரைப் படிக்க வைத்திருக்கிறது. "நாங்க சேத்துல கிடந்தது போதும்" என்று சொல்லி அனுப்பிய அப்பாவிடம் திரும்பி வந்து, "வயலையே பார்க்கிறேன்" என்று சொல்ல அந்தப் பிள்ளையால் முடியவில்லை. சொன்னாலும் அப்பாவால் கேட்க முடியவில்லை.

நாள் கரைந்துபோவது எப்படி

வேலையின்மை மனதை என்ன செய்யும் என்பதை முதலில் உன்னிப்பாகப் பார்த்தவர்கள் ஆஸ்திரியாவில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவரும் அவர்களுடைய குழுவினரும். வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்றொரு சிற்றூர், ஊர் முழுக்க ஒரே ஜவுளி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடிவிட்டது. 1931இலும் 32இலும் இவர்கள் அங்கே போய்ப் பழகி, பார்த்து, எழுதி, 1933இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது அன்று பலரையும் ஆச்சரியப்படுத்தியது. கையில் நேரம் நிறைய வந்ததும் மக்கள் அதிகமாகப் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர் எதிர். நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. சங்கங்களுக்கு வருவது குறைந்தது. தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். அன்றைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று எழுதச் சொன்னபோது, எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர அவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஞாபகம் வரவில்லை. பெண்களுக்கு அடுப்பும் குழந்தைகளும் இருந்ததால் நாள் அவ்வளவு குலையவில்லை.

யஹோடா பிறகு இதை விளக்கினார். சம்பளம் கண்ணுக்குத் தெரிவது. அதோடு வேலை ஐந்து விஷயங்களைச் சத்தமில்லாமல் கொடுக்கிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஓர் இடம், கை கால் ஓயாத இயக்கம். வேலை போனால் இந்த ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. வேலையே கிடைக்காதவருக்கு இவை வந்து சேர்வதே இல்லை.

"மனசு பலவீனமா இருக்கறவங்களுக்குத்தான் வேலை கிடைக்காது, அதனாலதான் அப்படித் தெரியுது" என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மானிய ஆய்வாளர்கள் கார்ஸ்டன் பால், கிளவுஸ் மோசர் இருவரும் 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. வேலையில் இருப்பவர்களில் 16 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 34 சதவீதம் பேருக்கும் மனநலத் தொல்லைகள் இருந்தன. ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், வேலை போனபோது மனநலம் சரிந்தது, வேலை கிடைத்ததும் தேறியது. காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் புது பைக் படமும் சம்பள நாள் பேச்சும் வரும்போது இவர் ஓசையில்லாமல் குழுவை விட்டு வெளியேறுகிறார். சொந்தக்காரர் கல்யாண பிளெக்ஸில் ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் "பி.இ., சிங்கப்பூர்" என்று ஏதாவது போட்டிருக்கிறது. இவர் படத்துக்குக் கீழே வெறும் பெயர். அடுத்த கல்யாணத்துக்கு இவர் போவதில்லை. அப்புறம் கோயில் திருவிழாவுக்கும் போவதில்லை. கடைத்தெருவுக்கு இருட்டிய பிறகுதான் போகிறார். ராத்திரி இரண்டு மணி வரை செல்போன், காலையில் பத்து மணிக்கு விழிப்பு. வீட்டில் எல்லோரும் ஒருமுறை சாப்பிட்டு முடித்த பிறகு எழுந்து வருவதே அவமானமாக இருப்பதால், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக எழுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பல் என்கிறார்கள். "தண்டச்சோறு" என்ற சொல்லும் சில வீடுகளில் விழுந்துவிடுகிறது.

உள்ளே இன்னொன்று நடக்கிறது. 300 பேரில் 299 பேருக்குக் கிடைக்காது என்பது வெறும் கணக்கு. அந்த 299இல் ஒருவராக இருப்பவருக்கோ, அது தன் தனிப்பட்ட குற்றமாகத் தெரிகிறது. "இன்னும் ரெண்டு கேள்வி சரியாப் போட்டிருந்தா கட் ஆஃப் வந்திருக்கும்." இந்தக் கணக்கு ஒரு நாளில் எத்தனை முறை மனதுக்குள் ஓடும் என்பது தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும்.

தேர்வு தாங்குகிறது, பிடித்தும் வைக்கிறது

போட்டித் தேர்வுக்குப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. யஹோடா சொன்ன ஐந்தில் மூன்றையாவது அது கொடுக்கிறது. காலையில் நூலகத்துக்குக் கிளம்ப ஒரு காரணம், அங்கே நான்கு நண்பர்கள், ஊர் கேட்டால் சொல்ல ஒரு பதில். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணம் இல்லாமல் வகுப்பு நடக்கிறது. காசு கட்டி கோச்சிங் சென்டர் போக முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய ஆதரவு. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் வரை ஒருவர் வேலையில்லாதவர் இல்லை, மாணவர்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், குரூப் 4ஐ இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு கிடையாது. தேர்வு தானாக யாரையும் வெளியே அனுப்பாது. இருபத்திரண்டு வயதில் தொடங்கியவர் முப்பதிலும் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தில் தவறும்போது, இதுவரை போட்ட வருடங்களை விட மனம் வராது. இடையில் ஒரு தனியார் வேலை வந்தால்கூட, போனால் படிப்பு கெட்டுவிடும் என்ற பயம். இப்படியே வேறு எந்த அனுபவமும் சேராமல் வயது ஏறுகிறது, பிறகு தனியார் நிறுவனமும் "இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்கிறது.

ஆகவே நிறுத்தும் தேதியைத் தேர்வுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு முடிவெடுத்தால், அந்த நேரத்து வேதனைதான் முடிவெடுக்கும். இன்னும் இரண்டு தேர்வு, அதற்குப் பிறகு முழு நேரப் படிப்பை நிறுத்துவேன், வேலையோடு சேர்த்து எழுதினால் எழுதுவேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. எல்லை தெரிந்த காத்திருப்பை மனம் ஓரளவு தாங்கும். அரசுத் தேர்வாணையத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. அறிவித்த தேதியில் தேர்வு, சொன்ன தேதியில் முடிவு என்று நடந்தாலே லட்சக்கணக்கான வீடுகளில் பாரம் குறையும். அது மனநல நடவடிக்கையும்தான்.

எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை

காத்திருக்கவும் வசதி வேண்டும். நிலமில்லாத கூலிக் குடும்பத்திலிருந்து, குறிப்பாகத் தலித் குடியிருப்பிலிருந்து முதல் பட்டதாரியாக வந்தவருக்கு அந்த வசதி இல்லை. சிபாரிசுக்கு ஆள் இல்லை, தெரிந்த கம்பெனி இல்லை. சில மாதங்களில் பெயின்ட் அடிக்கவோ, மூட்டை தூக்கவோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறார். புள்ளிவிவரத்தில் இவர் வேலையில் இருப்பவர். ஆனால் தன் அப்பா கைகட்டி நின்ற அதே பண்ணையாரின் வயலில், பட்டம் வாங்கிய பிறகு கூலிக்கு இறங்க நேர்ந்தால் அந்த மனம் என்ன பாடுபடும் என்பதை எந்தக் கணக்கும் எடுப்பதில்லை. அந்தக் கோபமும் துக்கமும் நியாயமானவை. அதை நோய் என்று மட்டும் பார்த்து மாத்திரை கொடுப்பது போதாது.

பெண்கள் விஷயம் இன்னும் மறைவானது. எம்.எஸ்சி., பி.எட். முடித்த மகள் வீட்டில் இருந்தால் அவளை யாரும் வேலையில்லாதவள் என்று சொல்வதில்லை. "வீட்ல இருக்கா, வரன் பார்க்கிறோம்" என்கிறார்கள். மரியென்தால் பெண்களைப் போல இவளுடைய நாளும் வேலையால் நிரம்பியிருக்கிறது: கோலம், சமையல், பாட்டிக்கு மருந்து, தம்பிக்கு டிபன். அதனால் அவள் சோர்ந்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. வெளியே போக, பேச, தன் படிப்பைப் பயன்படுத்த வழியில்லாமல் போவதுதான் அவளை வாட்டுகிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த ஏராளமானவர்கள் இப்படிப்பட்ட பெண்கள். மாதம் 1,000 ரூபாய் என்பது சம்பளமே ஆகாது. ஆனாலும் சாயங்காலம் இருபது பிள்ளைகள் "அக்கா" என்று வந்து உட்கார்வது அவர்களுக்கு எவ்வளவோ கொடுத்தது.

ஏஜென்டிடம் பணம் கட்டி ஏமாந்து வெளிநாட்டிலிருந்து பாதியில் திரும்பியவர்கள் தனி ரகம். இவர்களுக்கு வேலையின்மையோடு கடனும் சேர்ந்துகொள்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும் வீட்டில் தூக்கமின்மைக்கு முதல் மருந்து, கடனைக் குடும்பத்தோடு உட்கார்ந்து வெளிப்படையாகக் கணக்குப் பார்ப்பதுதான்.

கவலை எப்போது நோயாகிறது

வேலை கிடைக்காமல் வருத்தமாக இருப்பது இயல்பு. அதற்கு மருத்துவம் வேண்டாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருந்தால், முன்பு பிடித்த கிரிக்கெட்டோ பாட்டோ நண்பர்களோ எதுவும் ருசிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், படித்தது மனதில் நிற்கவில்லை என்றால், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் விடாமல் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் ஊரில் இது பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் வெளியே வரும். அசதி, தலை பாரம், மேல்வலி, வயிற்று எரிச்சல், நெஞ்சு படபடப்பு என்று சொல்லி ஒரு ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஆண் பிள்ளைகளிடம் துக்கம் கோபமாக வரும். அம்மாவிடம் எரிந்து விழுவார், தட்டைத் தள்ளிவிடுவார். சிலர் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குவார்கள். குடி அந்த ராத்திரிக்கு மட்டும் மரத்துப்போக வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் சோர்வைக் கூட்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டும், அதை ஆடுவதற்காகக் கடன் செயலியில் வாங்கும் காசும் இதைவிட வேகமாக ஆளை விழுங்குகின்றன. வேலையில்லாதவருக்கு அதில் ஒரு சம்பாத்தியம் தெரிவதுபோல் இருப்பதுதான் ஆபத்து.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலத் தொல்லை உள்ளவர்களில் 10 பேருக்கு 8 பேருக்கு மேல் சிகிச்சை கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் முதலில் குணசீலம் கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ வேளாங்கண்ணிக்கோ போகின்றன. போகட்டும், அது தரும் ஆறுதல் உண்மையானது. ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

என்ன செய்யலாம்

மனச்சோர்வில் இருப்பவர், "மனசு சரியாகட்டும், அப்புறம் வெளியே போகிறேன்" என்று நினைக்கிறார். அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது ஒரு சிகிச்சை முறை. முதலில் சின்னதாக ஒரு செயல், மனம் பின்னால் வரும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மனநல மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறிலிருந்து எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களிடமும் நல்ல பலன் தெரிந்தது. விலை உயர்ந்த மருத்துவம் எதுவும் அதில் இல்லை.

நம் இளைஞர் இதை வீட்டிலேயே தொடங்கலாம். முதலில் விழிக்கும் நேரம். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் இரவுத் தூக்கம் கொஞ்சம் நேராகும். பிறகு வெளிச்சம் வந்ததும் வாய்க்கால் கரையிலோ ஆற்றங்கரையிலோ அரை மணி நேரம் நடை. அதற்கடுத்து, இன்னொருவர் நம்மை எதிர்பார்க்கிற வேலையாக ஒன்று: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது, கூட்டுறவுச் சங்கத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு எழுதிக் கொடுப்பது, அக்கா கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்வது. தனியாகச் செய்வதை எந்த நாளும் தள்ளிப்போடலாம். ஒரு பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் தள்ளிப்போட முடியாது.

வருமானம் வரும் சிறு வேலையை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் வேண்டாம் என்றும் சொல்வேன். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்று ஆள் எடுக்கிறார்கள். நிரந்தரம் கிடையாதுதான். ஆனாலும் அந்த மாதங்களில் நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகிறது, நாலு பேரைப் பார்க்க முடிகிறது, கையில் சொந்தக் காசு இருக்கிறது. படித்த படிப்புக்கு இது குறைவு என்பது உண்மை. படிப்புக்கேற்ற வேலையைத் தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, தேடிக்கொண்டே செய்யலாம் என்கிறேன்.

இன்னொன்று, கூடித் தேடுவது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1980களில் வேலை தேடுபவர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்து ஒரு பயிற்சி நடத்தினார்கள். நேர்காணலுக்குத் தயாராவதோடு, "இந்த வேலை கிடைக்காமல் போனால் அன்றைக்கு என்ன செய்வேன்" என்பதையும் முன்கூட்டியே பேசிப் பழகினார்கள். வந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, ஏற்கெனவே அதிக ஆபத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிக நன்மை. நம் பயிலும் வட்டங்களில் இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் பொது அறிவை மூடி வைத்துவிட்டு, போன தேர்வில் தவறியவர்கள் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. தினமும் "என்ன ஆச்சு, ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்பதை விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவோம், மற்ற நாளில் பேச மாட்டோம் என்று வைத்துக்கொண்டால் சாப்பாட்டு நேரம் நிம்மதியாகும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனை ஒப்பிடாமல் இருக்கலாம். பெட்ரோலுக்கு ஐம்பது, ரீசார்ஜுக்கு நூறு என்று ஒவ்வொரு முறையும் கையேந்த வைப்பதைவிட, முடிந்த ஒரு தொகையை மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் இருப்பது எவ்வளவோ மேல்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்கு ஒரு காலத்தில் இதே நிலைதான் இருந்தது. அங்குள்ள அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னையில் சேர்ந்தும் எஃப்.ஏ. (அந்தக் காலத்து இடைநிலைக் கல்லூரிப் படிப்பு) தேர்வில் தேறவில்லை. பல வருடம் வேலையில்லாமல் அலைந்தார். அவர் மேதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை, எல்லாரும் ராமானுஜன் ஆக வேண்டியதும் இல்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கிடைத்தவற்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்து அடுத்தவரிடம் அனுப்பிய சிலர் இருந்தார்கள். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆகும் வரை அவரை நிற்க வைத்தது இந்த இரண்டும்தான்.

இன்று அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்புக்கு 300. அதுவும் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்த பிறகு, மூன்று வருடத்துக்கு மட்டும். இந்தத் தொகை தஞ்சாவூருக்கு ஒரு மாதம் பஸ்ஸில் போய்வரக்கூடப் போதாது. வேலை தேடும் செலவுக்காவது ஈடாகும் அளவுக்கு இதை உயர்த்த வேண்டும், ஐந்து வருடக் காத்திருப்பையும் குறைக்க வேண்டும்.

யாரிடம் போவது

14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். மத்திய அரசின் டெலிமனஸ் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். 104லும் ஆலோசனை கேட்கலாம். நேரில் போக வேண்டுமானால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் 1990களில் நாட்டில் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட சில மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இப்போது அந்தத் திட்டம் மற்ற டெல்டா மாவட்டங்களிலும் இருக்கிறது. அதன் குழு எந்தெந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வரும் என்பதைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

"நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று பிள்ளை சொன்னால் அதைப் பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு வழி கிடைத்த நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் கையில் வைக்க வேண்டும். முடிந்தால் வீட்டிலேயே வைக்கக் கூடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது.

முதல் முறை போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது நல்லது. எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எப்போதிலிருந்து வெளியே போவதில்லை, குடிப்பழக்கம் உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைத் தாளில் எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. கொடுத்தால், அது வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றோ, இரண்டாம் மாதம் நன்றாக இருக்கிறது என்றோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.